ஓர் அரிசி மணியின் எடை எங்கிருந்து வந்தது? எட்டாம் வகுப்புக்குக் கார்பன் பாடம்

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஓர் ஆசிரியரின் கேள்வி இது: "உயிர்ப்பொருள்களில் கார்பன் என்ற பகுதிக்கு ஆறு பீரியட் கிடைக்கும். வகுப்பில் நாற்பது பேர். ஆய்வகம் என்று தனியாக எதுவும் கிடையாது. இணைதிறன் நான்கு, குளுக்கோஸின் வாய்பாடு, மாவுச்சத்து, புரதம், கொழுப்பு என எல்லாவற்றையும் ஒப்பிக்கிறார்கள். ஆனால் 'இந்த மேசையின் கட்டை எதிலிருந்து உண்டானது?' என்று கேட்டால் 'மண்ணிலிருந்து' என்கிறார்கள். எங்கே தவறுகிறோம்?"

தவறு பாடத்தின் வரிசையில் இருக்கிறது. அணு எண் 6, எலக்ட்ரான் 2, 4 என்று தொடங்கி, பிணைப்பு, சங்கிலி, வளையம் என்று போய், மணி அடிக்கும் நேரத்தில் அரிசிக்கும் பருப்புக்கும் வந்து சேர்கிறோம். இதைத் தலைகீழாகப் போடுங்கள். இந்தப் பாடத்தில் பதின்மூன்று வயதுப் பிள்ளை நம்ப மறுப்பது ஒன்றே ஒன்றைத்தான்: கண்ணுக்குத் தெரியாத காற்றிலிருந்து கெட்டியான பொருள் உண்டாகும், கெட்டியான பொருள் காற்றோடு காற்றாகப் போகும் என்பதை. அது மனதில் விழாதவரை வாய்பாடு வெறும் எழுத்து. ஆகவே ஆறு பீரியடுக்கும் ஒரே கேள்வியை வைத்துக்கொள்ளுங்கள்: ஓர் அரிசி மணியின் எடை எங்கிருந்து வந்தது, தின்றபின் எங்கே போகிறது? பிற எல்லாம் இதற்குள் வந்துவிடும்.

தொடங்கும்முன் சொற்களைச் சரிசெய்ய வேண்டும். தமிழில் நமக்குக் கரி, சாம்பல், புகைக்கரி என்று மூன்று சொல் இருக்கின்றன. பிள்ளைகள் மூன்றையும் "எரிந்து மிஞ்சியது" என்ற ஒரே பையில் போட்டுவிடுவார்கள். கரியும் புகைக்கரியும் பெரும்பாலும் கார்பன். சாம்பல் என்பது கார்பன் எல்லாம் எரிந்து போனபின் மிஞ்சும் கனிம உப்புகள். இதற்கு உமியை விட நல்ல உதாரணம் கிடையாது. பல் துலக்கும் உமிக்கரி கறுப்பு. அதையே காற்றோட்டமாக முழுதாக எரியவிட்டால் வெளுத்த சாம்பலாகும், அதில் பெரும்பங்கு சிலிக்கா, அதாவது மணலில் இருக்கும் அதே பொருள். ஒரு கிண்ணத்தில் உமிக்கரி, இன்னொன்றில் உமிச்சாம்பல் வைத்து "இதிலிருந்த கறுப்பு எங்கே போயிற்று?" என்று கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமல் விடுங்கள்.

இன்னொரு சொல் 'மாவுச்சத்து'. கார்போஹைட்ரேட் முழுவதற்கும் அதையே சொல்கிறோம், அரிசி மாவில் உள்ள தரசத்துக்கும் அதையே சொல்கிறோம். அதனால் சர்க்கரையும் பஞ்சும் அதே குடும்பம் என்பது பிள்ளைக்குத் தெரியாமலே போகிறது. குடும்பத்துக்குக் கார்போஹைட்ரேட், அரிசியில் இருப்பதற்குத் தரசம் என்று முதல் நாளே பிரித்துவிடுங்கள். (இலங்கைப் பாடநூல்களைப் பார்த்துத் தயாரிப்பவர்களுக்கு: அங்கே காபன், காபோவைதரேற்று, இலிப்பிட்டு என்று இருக்கும். பொருள் ஒன்றுதான்.) 'கரிம' என்ற சொல் வந்ததும் ஒருவன் கடையில் பார்த்த ஆர்கானிக் உப்பைப் பற்றிக் கேட்பான். சமையல் உப்பில் கார்பனே கிடையாது என்று சொல்லிச் சிரித்துவிட்டுப் போகலாம்.

இனி முதல் பீரியட்: கருக்குதல். சாராய விளக்கு ஒன்று, பழைய எவர்சில்வர் கரண்டிகள் ஏழெட்டு, இடுக்கி. அரிசி, துவரம்பருப்பு, சர்க்கரை, பஞ்சு, காய்ந்த இலை, தலைமுடி, உப்பு, முட்டை ஓட்டுத் தூள் என ஒவ்வொன்றிலும் கால் தேக்கரண்டி போதும். அரிசியையும் பருப்பையும் ஒன்றிரண்டாக உடைத்துக்கொள்ளுங்கள். முழுமணி கருக நேரம் பிடிக்கும், வகுப்பு சலசலக்கும். சூடாக்கும்முன் எது கறுக்கும், எது கறுக்காது என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

இங்கே கெட்டுப்போவது பெரும்பாலும் மெழுகுவத்தியால்தான். மெழுகுச் சுடரின் புகைக்கரி கரண்டியின் அடியில் படியும். உப்பு வைத்த கரண்டியும் கறுத்துவிட, உப்பிலும் கார்பன் இருக்கிறது என்று பாதி வகுப்பு எழுதிவிடும். சாராய விளக்குச் சுடரில் புகைக்கரி வராது. ஆனால் பகல் வெளிச்சத்தில் அந்தச் சுடர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது என்பதால் விளக்கை நீங்களே கையாளுங்கள், எரியும்போது ஒருபோதும் சாராயம் ஊற்றாதீர்கள். உப்பு சூடேறினால் படபடவென்று தெறிக்கும். தூள் உப்பாக வையுங்கள், பிள்ளைகள் ஒரு மீட்டர் தள்ளி நிற்கட்டும். தலைமுடி நாறும். அந்த நாற்றத்தைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள்: முடி புரதம், அதில் நைட்ரஜனும் கந்தகமும் இருக்கின்றன, அரிசி அப்படி நாறுவதில்லை. பாலித்தீன், தெர்மாகோல் எதையும் யாரும் கொண்டுவந்து நீட்டவிடாதீர்கள், புகை நல்லதல்ல.

முட்டை ஓட்டை நன்றாகக் கழுவி, உள் சவ்வை உரித்துவிட்டுத் தூளாக்குங்கள். சவ்வு புரதம், அது இருந்தால் ஓடு கறுக்கும். சவ்வு இல்லாத ஓடு லேசாகச் சாம்பல் நிறமாகலாம், மற்றவை போலக் கறுக்காது. ஆனாலும் அதில் கார்பன் இருக்கிறது, கால்சியம் கார்பனேட்டாக. அதன்மேல் வினிகர் ஊற்றினால் கார்பன் டை ஆக்சைடு குமிழியாகக் கிளம்பும். "கறுத்தால் கார்பன் உண்டு, கறுக்காவிட்டால் இல்லை" என்று பிள்ளைகள் அவசரமாக எழுதும் விதியை அன்றே உடைக்க இது உதவும். இதற்கு வகுப்பறைச் சாக்பீஸை நம்பாதீர்கள். பல சாக்பீஸ்கள் ஜிப்சத்தால் செய்தவை, வினிகரில் ஒன்றும் நடக்காது.

சர்க்கரையை மட்டும் ஒரு பழைய சோதனைக்குழாயில் தனியாகச் சூடாக்குங்கள், அரைத் தேக்கரண்டி அளவு. குழாயின் வாய் சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். இல்லாவிட்டால் வாயருகே சேரும் நீர் சூடான அடிக்கு ஓடிக் குழாய் விரிசல் விடும். சர்க்கரை உருகி, பொன்னிறமாகி, பழுப்பாகி, கறுத்துப் பொங்கும். வாயருகே நீர்த்துளிகள் நிற்கும். வாசனையை அனுபவிக்கட்டும், ஆனால் "சர்க்கரைக்குள் தண்ணீர் இருந்தது" என்று மட்டும் எழுதவிடாதீர்கள். சர்க்கரைக்குள் தண்ணீர் இல்லை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருந்தன, சூட்டில் பிரிந்து தண்ணீராகச் சேர்ந்தன. கந்தக அமிலம் ஊற்றிச் சர்க்கரையைப் பொங்க வைக்கும் வேடிக்கை இந்த வயதுக்கு வேண்டாம். அடுப்பிலேயே கிடைக்கும் முடிவுக்கு அமிலம் எதற்கு?

அன்றே வீட்டுவேலை ஒன்று தொடங்க வேண்டும், விடை தெரிய ஒரு வாரம் ஆகும். நூறு நூறு கிராமாகப் பச்சைப்பயறு இரண்டு பங்கு. ஒரு பங்கை ஈரத்துணியில் கட்டி, வெளிச்சம் படாத இடத்தில் மூன்று நாள் முளைகட்ட வேண்டும். மற்றதை ஒன்றிரண்டாக உடைத்துத் தட்டில் பரப்பிவைக்க வேண்டும். மூன்றாம் நாள் முளைத்ததையும் பரப்பி, இரண்டையும் நொறுங்கும்வரை நல்ல வெயிலில் காயவைத்து எடை போட வேண்டும். முளைத்த பயறு பாத்திரம் நிறையப் பொங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு எல்லோரும் எடை கூடியிருக்கும் என்றே பந்தயம் கட்டுவார்கள். இது எப்படி முடிகிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டாவது பீரியட், சுண்ணாம்பு நீர். முந்தைய நாள் மாலையே ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துக் குலுக்கி மூடிவையுங்கள். வெள்ளைச் சுண்ணாம்பாக இருக்க வேண்டும், கலர் சேர்த்தது ஆகாது. லிட்டருக்கு ஒன்றரை கிராம் சொச்சம்தான் கரையும், மீதி அடியில் தங்கும். காலையில் மேலே தெளிந்ததை மட்டும் அசையாமல் சாய்த்து எடுத்து, வாய்வரை நிரப்பி மூடுங்கள். பாட்டிலில் பாதிக் காற்று இருந்தால் மேலே ஆடை படியும். நீற்றாத சுட்ட கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ வகுப்புக்குள் கொண்டுவராதீர்கள். தண்ணீர் பட்டால் கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். தெளிந்த நீரும் காரம்தான். உறிஞ்சக்கூடாது, ஊத மட்டும்தான் என்று மூன்று தடவை சொல்லுங்கள்.

கால் டம்ளர் சுண்ணாம்பு நீரில் உறிஞ்சுகுழலால் மெதுவாக ஊதினால் அரை நிமிடத்துக்குள் பால்போலாகும். பக்கத்திலேயே இன்னொரு டம்ளரில் சைக்கிள் பம்பால் வெறும் காற்றை அடிக்கட்டும். கை ஓய்ந்துபோகும், நீர் தெளிவாகவே நிற்கும். வெளிக்காற்றில் கார்பன் டை ஆக்சைடு சுமார் 0.04 சதவீதம், விடும் மூச்சில் சுமார் 4 சதவீதம், நூறு மடங்கு. இந்த ஒப்பீட்டுக் குவளையை விட்டுவிட்டால் சோதனைக்கு அர்த்தமில்லை. காற்றிலேயே இருந்ததைத்தானே ஊதினோம் என்று ஒரு கெட்டிக்காரி கேட்டால் பதில் இருக்காது. விடாமல் ஊதிக்கொண்டே இருப்பவனுடைய டம்ளர் நேரம் போகப்போகத் திரும்ப ஓரளவு தெளியலாம். அவன் எதையோ கெடுத்துவிட்டதாக நினைத்து மறைப்பான், கெடவில்லை. கரையாத கால்சியம் கார்பனேட், மேலும் சேர்ந்த வாயுவால் கரையக்கூடிய பைகார்பனேட்டாக மாறியிருக்கிறது.

பிறகு ஒரு கண்ணாடி பாட்டிலுக்குள் எரியும் வைக்கோல் துணுக்கை இடுக்கியால் பிடித்து, அது அணைந்ததும் வெளியே எடுத்துவிட்டு, இருபது மில்லி சுண்ணாம்பு நீர் ஊற்றி மூடிக் குலுக்குங்கள். அதுவும் வெளுக்கும். கரண்டியில் கறுத்துக் கிடந்த கார்பன் முழுதாக எரிந்தால் எங்கே போகும் என்பதற்கு விடை கிடைத்துவிட்டது. சோறு தின்றவன் மூச்சிலும் எரிந்த வைக்கோலின் காற்றிலும் ஒரே பொருள். இதை நீங்கள் சொல்லாதீர்கள், இரண்டு குவளையையும் பக்கத்தில் வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

மூன்றாவது பீரியடில்தான் 'நான்கு கை', அதாவது ஒரு கார்பன் அணு நான்கு பிணைப்புப் போடும் என்ற இணைதிறன், வர வேண்டும். பொம்மை மாதிரிகள் வாங்க வேண்டியதில்லை. கறுப்புக் கொண்டைக்கடலை கார்பன், பச்சைப் பட்டாணி ஆக்சிஜன், தட்டைப்பயறு ஹைட்ரஜன். இரவு ஊறவைத்து, காலையில் வடிகட்டி ஈரத்துணியில் வையுங்கள். அதற்குமேல் ஊறினால் குத்தும்போது பிளக்கும். பருப்பு இரண்டாகப் பிரியும் கோட்டில் குத்தாமல் குறுக்கே குத்தச் சொல்லுங்கள். குச்சிக்கு விளக்குமாற்று ஈர்க்கு, இரண்டு அங்குல நீளம். பல்குத்தும் குச்சி வளையாது. ஈர்க்கு வளையும், இரட்டைப் பிணைப்புக்கு அதுதான் வேண்டும்.

விதி ஒன்றுதான்: கடலைக்கு நான்கு குச்சி, பட்டாணிக்கு இரண்டு, தட்டைப்பயறுக்கு ஒன்று, எந்தக் கையும் சும்மா தொங்கக்கூடாது. முதலில் ஒரு கடலை, நான்கு தட்டைப்பயறு: மீத்தேன். இதைக் கலைக்காமல் ஓரமாக வைக்கச் சொல்லுங்கள், மறுநாள் வேலை இருக்கிறது. அடுத்து கடலை 2, பட்டாணி 1, தட்டைப்பயறு 6 கொடுத்து "எத்தனை விதமாகக் கட்டலாம்?" என்று விடுங்கள். பட்டாணி ஓரத்தில் நின்றால் கைகழுவும் சானிடைசரில் உள்ள எத்தனால், 78 டிகிரியில் கொதிக்கும் திரவம். பட்டாணி இரண்டு கடலைக்கும் நடுவே நின்றால் டைமெத்தில் ஈதர், மைனஸ் 24 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால் நம் ஊர் அறையில் அது வாயு. அதே ஒன்பது அணுக்கள். ஏன் கார்பனை மட்டும் இப்படித் தனியாக உட்கார்ந்து படிக்கிறோம் என்பதற்கு இதைவிடப் பெரிய விளக்கம் இந்த வகுப்புக்குத் தேவையில்லை.

இப்போது ஒளிச்சேர்க்கை. ஐந்து பேர் கொண்ட எட்டுக் குழு. ஒவ்வொரு குழுவுக்கும் கடலை 6, பட்டாணி 18, தட்டைப்பயறு 12, ஆக மொத்தம் 36 மணி, ஈர்க்கும் 36. (வகுப்புக்குக் கடலை 48, பட்டாணி 144, தட்டைப்பயறு 96, ஈர்க்கு 288. பிளந்துபோவதற்குப் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக எடுத்துக்கொள்ளுங்கள்.) முதலில் ஆறு கார்பன் டை ஆக்சைடு, ஆறு நீர் கட்டட்டும். கார்பன் டை ஆக்சைடில் கடலைக்கு இருபுறமும் இரட்டைக் குச்சி. கட்டி முடித்தால் 36 குச்சியும் தீர்ந்திருக்கும். பிறகு எல்லாவற்றையும் பிரித்து, ஒரு குளுக்கோசும் ஆறு ஆக்சிஜன் மூலக்கூறும் கட்டட்டும். குளுக்கோஸ் வளையத்துக்கு 24 குச்சி, ஆக்சிஜனுக்கு 12. மறுபடியும் 36. மணியும் மிஞ்சாது, குச்சியும் மிஞ்சாது. சமன்பாட்டைப் பலகையில் எழுத வேண்டிய நேரம் இதுதான், ஒரு நிமிடம் முந்தியும் அல்ல.

இங்கே இடறும் இடம்: எல்லோரும் ஆறு கடலையை வைத்து வளையம் கட்டுவார்கள். குளுக்கோஸ் வளையத்தில் கடலை ஐந்து, பட்டாணி ஒன்று. ஆறாவது கடலை வளையத்துக்கு வெளியே தொங்கும். படம் ஒன்று வரைந்து ஒவ்வொரு குழுவுக்கும் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பீரியட் இதிலேயே போய்விடும்.

குச்சிக் கணக்கு இன்னொரு பழைய தவறையும் காட்டிக்கொடுக்கும். "குளுக்கோஸின் பிணைப்புகளில் ஆற்றல் அடைந்து கிடக்கிறது, உடைத்தால் வெளியே வரும்" என்று நாமே சொல்லிப் பழகிவிட்டோம். அது சரியல்ல. எந்தப் பிணைப்பையும் உடைக்க ஆற்றல் செலவாகும். புதிய பிணைப்பு உண்டாகும்போதுதான் ஆற்றல் வெளிப்படும். இருபுறமும் 36 பிணைப்பு. ஆனால் கார்பன் டை ஆக்சைடிலும் நீரிலும் உள்ளவை குளுக்கோசிலும் ஆக்சிஜனிலும் உள்ளவற்றைவிட இறுக்கமானவை. இறுக்கமான நிலைக்கு இறங்கும்போது மிஞ்சும் ஆற்றலில்தான் நாம் நடக்கிறோம். எட்டாம் வகுப்பில் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டாம். தப்பாகச் சொல்லாமல் இருந்தால் போதும். "சோறும் ஆக்சிஜனும் சேர்ந்து எரியும்போது ஆற்றல் வருகிறது" என்றால் பதினோராம் வகுப்பு ஆசிரியர் உங்களை வாழ்த்துவார்.

நான்காவது பீரியட், சங்கிலி. எட்டுக் குழுவும் தங்கள் குளுக்கோசைப் பக்கத்துக் குழுவோடு இணைக்கட்டும். இணைக்க வேண்டுமானால் ஒரு பட்டாணியும் இரண்டு தட்டைப்பயறும் விலகவேண்டும், அதாவது ஒரு நீர் மூலக்கூறு. எட்டும் சேர்ந்தால் ஏழு நீர் மேசையில் கிடக்கும். அரிசியின் தரசத்தில் இப்படிச் சில நூறிலிருந்து பல ஆயிரம் குளுக்கோஸ்வரை கோத்திருக்கும். செரிமானம் என்பது விலகிய அந்த நீரைத் திரும்பக் கொடுத்துக் கோவையைப் பிரிப்பது.

வைக்கோலின் செல்லுலோசும் இதே குளுக்கோஸ்தான். எட்டுப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கைகோக்கச் சொல்லுங்கள். எல்லோரும் ஒரே பக்கம் பார்த்து நின்றால் தரசம். ஒருவர் முன்னே, அடுத்தவர் பின்னே பார்த்து மாறிமாறி நின்றால் செல்லுலோஸ். நம் நொதி முதல் வரிசையைத்தான் அவிழ்க்கும். அரிசி நமக்கு, வைக்கோல் மாட்டுக்கு என்பதன் வேதியியல் இவ்வளவுதான். மாட்டுக்கும் சொந்தமாக அந்த நொதி கிடையாது. அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் பிரித்துக் கொடுக்கின்றன. அந்த வேலையில் ஒரு பகுதி கார்பன் ஏப்பமாக வெளியே வரும். என்ன வாயு? நேற்று ஓரமாக வைத்த மீத்தேனை எடுத்துக் காட்டுங்கள்.

உமிழ்நீர்ச் சோதனையும் அன்றே செய்யலாம். சோறு வடித்த கஞ்சி ஒரு தேக்கரண்டி, ஒரு டம்ளர் தண்ணீரில். நன்றாக ஆறியிருக்க வேண்டும், சூடான கஞ்சியில் அயோடின் நிறமே காட்டாது, ஆறியபின் திடீரென்று நீலமாகும். அயோடினுக்கு மருந்துக்கடை டிங்சரோ பெட்டாடினோ போதும், ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர். ஐந்து மில்லி கஞ்சித் தண்ணீரில் அவரவர் உமிழ்நீர் ஒரு மில்லி விட்டு, குழாயை உள்ளங்கையில் மூடிப் பிடித்துக்கொள்ளட்டும். நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து வெள்ளைத் தட்டில் அயோடினோடு சேர்த்தால் கருநீலம், பிறகு செம்பழுப்பு, பிறகு வெறும் அயோடின் மஞ்சள். பொதுவாகக் கால் மணி நேரத்துக்குள் முடியும். முடியவில்லையென்றால் கஞ்சி கெட்டியாக இருந்திருக்கும். கொதிக்கவைத்த உமிழ்நீரோடு ஒரு குழாய் ஒப்பீட்டுக்கு இருக்கட்டும். அது நீலமாகவே நிற்கும்.

புரதத்தையும் கொழுப்பையும் வேகமாகக் கடந்துவிடலாம். புரதத்துக்கு: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 2 கிராம் 100 மில்லி தண்ணீரில், காஸ்டிக் சோடா 10 கிராம் 100 மில்லியில். கரைத்த முட்டை வெள்ளையிலோ ஊறவைத்து அரைத்த பருப்புச் சாற்றிலோ முதலாவதில் இரண்டு சொட்டு, இரண்டாவதில் பத்துச் சொட்டு. ஊதா வந்தால் புரதம். மயில்துத்தம் ஒரு சொட்டு கூடினாலும் நீல வண்டல் எழுந்து ஊதாவை மறைத்துவிடும். காஸ்டிக் சோடா தோலை அரிக்கும், மயில்துத்தம் விஷம். சொட்டு விடுவது ஆசிரியர் மட்டும். கொழுப்புக்கு: நிலக்கடலையைக் காகிதத்தில் நசுக்கி வெளிச்சத்தில் பிடிப்பது போதும். எடுத்துச் செல்ல வேண்டிய கருத்து ஒன்று: குளுக்கோஸின் எடையில் கார்பன் 40 சதவீதம், கொழுப்பில் முக்கால் பங்கு. ஏற்கெனவே ஆக்சிஜன் நிறையச் சேர்ந்த பொருளைவிடக் குறைவாகச் சேர்ந்த பொருள் எரிய இடம் அதிகம். கிராமுக்கு 4 கிலோகலோரி, 9 கிலோகலோரி என்று அட்டையில் போட்டிருப்பதன் காரணம் அது.

ஐந்தாவது பீரியட், மண்ணா காற்றா? பெல்ஜியத்தைச் சேர்ந்த வேதியியலாளர் வான் ஹெல்மாண்ட் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டு தண்ணீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண் குறைந்தது சுமார் இரண்டு அவுன்ஸ். அவர் இறந்தபின் 1648-இல் இது அச்சில் வந்தது. இந்த எண்களைப் பலகையில் எழுதி, "உன் முடிவு என்ன?" என்று கேளுங்கள். பெரும்பாலோர் அவர் சொன்னதையே சொல்வார்கள்: தண்ணீர்தான் மரமாயிற்று. வேடிக்கை என்னவென்றால், 'கேஸ்' என்ற சொல்லையே உண்டாக்கியவர் அவர். 62 பவுண்டு கரியை எரித்தால் ஒரு பவுண்டு சாம்பல்தான் மிஞ்சுகிறது, மீதி கண்ணுக்குத் தெரியாத வாயுவாகப் போகிறது என்று எழுதியவரும் அவரே. அந்த வாயுவே திரும்பி மரத்துக்குள் வரும் என்று மட்டும் அவருக்குத் தோன்றவில்லை. எட்டாம் வகுப்புப் பிள்ளை தடுமாறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்பதை இதைவிட நயமாகச் சொல்ல முடியாது.

"அப்படியானால் உரம் எதற்கு?" என்று விவசாயி வீட்டுப் பிள்ளை ஒருத்தி கேட்பாள், கேட்க வேண்டும். யூரியா நைட்ரஜனுக்காக, புரதம் கட்ட அது வேண்டும். மண்ணிலிருந்து வருவது எடையில் கொஞ்சம், அவசியத்தில் பெரியது. யூரியாவுக்கு இந்தப் பாடத்தில் தனி இடமும் உண்டு: 1828-இல் ஜெர்மானிய வேதியியலாளர் வோலர், உயிரில்லாத உப்பான அம்மோனியம் சயனேட்டிலிருந்து அதைத் தயாரித்தார். உடலுக்குள் மட்டுமே உண்டாகும் என்று நினைத்திருந்த பொருள் அது.

அடுத்து கணக்கு. ஓர் அரிசி மணி சுமார் 20 மில்லிகிராம். அதில் கார்பன் ஏறக்குறைய 8 மில்லிகிராம். ஒரு கனமீட்டர் காற்றில் கார்பன் டை ஆக்சைடாக உள்ள கார்பன் 0.2 கிராம், அதாவது 200 மில்லிகிராம். எனவே ஒரு மணிக்கு வேண்டியது 40 லிட்டர் காற்றிலுள்ள கார்பன்: இரண்டு மூன்று குடம். ஒரு கிலோ அரிசிக்கு? 400 கிராம் கார்பன், 2,000 கனமீட்டர். இருபதுக்கு இருபது அடியில் பத்தடி உயர வகுப்பறை சுமார் 113 கனமீட்டர். ஏறக்குறைய 18 வகுப்பறைக் காற்று. டேப்பால் தங்கள் வகுப்பை அளந்து பிள்ளைகளே போடட்டும். காற்று குடத்தில் வந்து நின்றபிறகு "மண்ணிலிருந்து" என்ற பதில் குறையும்.

இந்த இடத்தில் புளியமரம் வரும். இரவில் அதன் அடியில் படுத்தால் கெட்ட காற்று கொன்றுவிடும் என்று வீட்டில் சொல்லியிருப்பார்கள். செடி பகலும் இரவும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதை மறைத்துவிடுகிறது. திறந்தவெளியில் மரம் இரவில் விடும் கார்பன் டை ஆக்சைடு ஆளை ஒன்றும் செய்யாது. கார்பன் என்றாலே நஞ்சு, குறைக்க வேண்டிய அழுக்கு என்று சுற்றுச்சூழல் சுவரொட்டிகளால் படிந்த எண்ணத்தையும் அப்போதே தட்டிவிடலாம்: உங்கள் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகக் கார்பன்தான். பூமிக்கடியில் இருந்ததை அள்ளி எரித்துக் காற்றில் சேர்ப்பதே சிக்கல், கார்பன் அல்ல.

ஆறாம் பீரியடில் பயறு காய்ந்து வந்திருக்கும். முளைகட்டியது, கட்டாததைவிடச் சில கிராம் குறைவாக நிற்கும். வெளிச்சமில்லாத இடத்தில் காற்றிலிருந்து எதையும் சேர்க்க வழியில்லை. சேர்த்து வைத்திருந்ததைச் சுவாசித்துத் தீர்த்திருக்கிறது. எடை கூடியதாக யாராவது கொண்டுவந்தால் காயவில்லை என்று பொருள். மிக அதிகமாகக் குறைந்திருந்தால் ஊறிய தண்ணீரைக் கொட்டியிருப்பார்கள், அதோடு சத்தும் போயிருக்கும். அளவாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். உடைக்காமல் முழுப்பயறாகவே காயவைத்த வீட்டில் ஒப்பீட்டுப் பங்கின் உள் ஈரம் போயிருக்காது, வித்தியாசம் பொய்யாகப் பெரிதாகத் தெரியும். சமையலறைத் தராசு ஒரு கிராம் துல்லியம் என்பதால்தான் நூறு கிராம் எடுக்கச் சொன்னது. இருபது கிராமில் ஒன்றும் தெரியாது.

தேர்வுக்கு "கார்பனின் இணைதிறன் யாது?" வேண்டாம். ஒருவர் பத்துக் கிலோ கொழுப்பைக் குறைத்தார், அது எங்கே போயிற்று என்று கேளுங்கள். வியர்வை, மலம், ஆற்றலாக மாறியது என்று வரும். 8.4 கிலோ மூச்சில் கார்பன் டை ஆக்சைடாகவும் 1.6 கிலோ நீராகவும் போகிறது. எண் வேண்டாம், "பெரும்பங்கு மூச்சில்" என்று எழுதினால் முழு மதிப்பெண்.

இரண்டாவது கேள்விக்குத் தூத்துக்குடி மாவட்டம் சிவகளை. அங்கே முதுமக்கள் தாழியில் கிடைத்த நெல்லைக் கரிமப் பகுப்பாய்வு செய்ததில் பொ.ஆ.மு. 1155 என்று வந்ததாக 2021-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. காற்றின் கார்பனில் மிகச் சிறு பங்கு கார்பன் 14 என்ற, தானாகச் சிதையும் வகை. அது 5,730 ஆண்டில் பாதியாகும். இந்தத் தகவலைக் கொடுத்துவிட்டுக் கேளுங்கள்: காலம் கணிக்கத் தாழியின் ஓட்டை அனுப்பாமல் நெல்லை ஏன் அனுப்பினார்கள்? நெற்பயிர் உயிரோடிருந்தவரை காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொண்டே இருந்தது, அறுத்த அன்று நின்றது, அன்றிலிருந்து கார்பன் 14 குறைந்துகொண்டே வந்து இப்போது மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கிறது. ஓடு சுட்ட மண், அது காற்றைத் தின்றதில்லை. இந்தப் பொருள்பட, அவரவர் சொற்களில், நான்கு வரி எழுதும் பிள்ளைக்குப் பாடம் புரிந்திருக்கிறது.